நின்றுபோன காணிக்கை

கடவுளுக்கென்று கொடுத்த பணத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. காணிக்கைப் பையில் போட்டதற்குக் கணக்குக் கேட்பதே பல சபைகளில் அவிசுவாசமாகப் பார்க்கப்படும். அதனால்தான் 2019இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்த ஒரு வழக்கு கவனிக்கத்தக்கது. டெக்சஸைத் தலைமையிடமாகக் கொண்ட ‘காஸ்பல் ஃபார் ஏசியா’ என்ற மிஷனெரி நிறுவனத்தின்மீது அதற்குக் காணிக்கை அனுப்பியவர்களே வழக்குத் தொடுத்திருந்தார்கள். நிறுவனம் 3.7 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்துச் சமரசம் செய்துகொண்டது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை. ஊழியக் களத்துக்கென்று கொடுக்கப்பட்ட காணிக்கை இறுதியில் களத்துக்கே போய்ச் சேர்ந்தது என்ற வாசகமும் சமரச அறிக்கையில் இடம்பெற்றது.

இந்த நிறுவனத்தைத் தொடங்கிய கே. பி. யோகன்னான் கேரளத்து நிரணத்தில் 1950இல் பிறந்தவர். மேலைநாட்டு விசுவாசிகளிடம் அவர் வைத்த வாதம் எளிமையானது. ஒரு அமெரிக்க மிஷனெரியைக் குடும்பத்தோடு ஆசியாவுக்கு அனுப்ப ஆகும் செலவில் உள்ளூர் ஊழியர்கள் பலரைத் தாங்கலாம். அவர்களுக்கு மொழி தெரியும், விசா வேண்டாம், குளிர்சாதன அறை வேண்டாம். மாதம் 30 டாலரிலிருந்து ஒரு உள்ளூர் ஊழியரைத் தாங்கலாம் என்ற அழைப்பு ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் வந்த பட்டியலில் ஆடு, கோழி, எருமை, கொசுவலை, கிணறு என்று விலை போட்டிருக்கும். விரும்பியதைத் தேர்ந்து பணம் அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குறுதி இருந்தது. களத்துக்கென்று கொடுக்கும் பணம் நூற்றுக்கு நூறும் களத்துக்கே போகும் என்பது அது.

டெக்சஸின் வில்ஸ் பாயிண்டில் நிறுவனத்தின் புதிய வளாகம் எழும்பியபோது கேள்விகளும் எழுந்தன. அந்தக் கட்டுமானத்துக்கு இந்தியாவிலிருந்து சுமார் 2 கோடி டாலர் நன்கொடையாக வந்திருந்தது தெரியவந்தது. அமெரிக்கக் குடும்பம் ஒன்று இந்திய ஊழியருக்கென்று அனுப்புகிறது. பணம் இந்தியா போகிறது. அங்கிருந்து ஒரு பகுதி அமெரிக்கக் கட்டடத்துக்குத் திரும்புகிறது. கணக்குப் புத்தகத்தின்படி பணம் களத்துக்குப் போனது உண்மைதான். கொடுத்தவர் மனத்தில் வைத்திருந்த பயணம் அது இல்லை. நற்செய்தி நிறுவனங்களின் நிதி ஒழுங்கைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான இசிஎஃப்ஏ, 2015 அக்டோபரில் இந்த நிறுவனத்தின் உறுப்பினர் தகுதியை நீக்கியது. தொடக்க கால உறுப்பினர்களில் ஒன்று வெளியேற்றப்பட்டது.

இந்த விவகாரத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. வெளிநாட்டு நன்கொடை பெறும் இந்திய அமைப்புகள் ஆண்டுதோறும் உள்துறை அமைச்சகத்துக்கு அறிக்கை தரவேண்டும். அப்போது அவை அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. இந்தியாவுக்கு இவ்வளவு அனுப்பினோம் என்று கனடாவில் காட்டிய கணக்கையும், இவ்வளவு பெற்றோம் என்று இந்தியாவில் காட்டிய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கேள்வி கேட்டார்கள். பல சபை மூப்பர்களும் போதகர்களும் பத்திரிகைக்காரர்களும் செய்யாமல் விட்ட வேலையை ஒரு அரசு இணையப் பக்கம் செய்தது. 2022இல் அமைச்சகம் அந்த விவரங்களில் பெரும்பகுதியைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. வெளிநாட்டுப் பணத்தைக் கண்காணிப்பதாகச் சொல்லும் அரசு, கொடுத்தவர்கள் கண்காணிக்கும் வழியை அடைத்தது விசித்திரம்தான்.

ஆனாலும் இந்தப் பழி முழுவதையும் நிறுவனத்தின் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கு நூறு என்ற வாக்குறுதியைக் கேட்டு வாங்கியவர்கள் கொடுத்தவர்களே. கொடுப்பவருக்குத் தன் பணம் ஓர் ஏழைப் பிள்ளையின் கையில் நேரே விழ வேண்டும். கணக்காளரின் சம்பளம், மின்கட்டணம், தபால் செலவு, தணிக்கையாளருக்குக் கொடுக்கும் கட்டணம் எதிலும் தன் பணம் போகக் கூடாது. ஊழியம் நடத்துகிறவர்களுக்கு இந்த ஆசை தெரியும். செலவு இருக்கிறது என்று உண்மையைச் சொல்லும் நிறுவனத்தைவிடச் செலவே இல்லை என்று சொல்லும் நிறுவனத்துக்குப் பணம் கூடுதலாக வரும்போது, பொய்க்குச் சந்தை உருவாகிவிடுகிறது. பிறகு ஒருநாள் செலவு வெளியே தெரிகிறது. கொடுத்தவர் ஏமாந்தேன் என்கிறார். நிர்வாகச் செலவே தவறு என்ற இந்த மனப்பான்மை தனிமனிதர்களோடு நிற்கவில்லை. இந்திய அரசும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. கணக்கு எழுத ஆளில்லாத அமைப்பில் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பணம் களவு போகாமலே நம்பிக்கை ஆட்டம் காணும் என்பதற்கு அமெரிக்க நற்செய்திப் பேச்சாளர் பில்லி கிரஹாமின் வாழ்க்கையில் நல்ல சான்று இருக்கிறது. 1950இல் அட்லாண்டா நகரக் கூட்டங்கள் முடிந்ததும் உள்ளூர் நாளிதழ் ஒன்று, காணிக்கை மூட்டைகளோடு நிற்கும் தொண்டர்கள் படத்தையும், புன்னகையோடு கையசைத்து விடைபெறும் கிரஹாமின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டது. ஒரு வரிகூட எழுதத் தேவை இல்லாமல் சேதி போய்ச் சேர்ந்தது. கிரஹாம் அதன்பின் கூட்டத்துக்குக் கூட்டம் அன்பளிப்பு வாங்குவதை விட்டு, தன் நிறுவனத்திலிருந்து நிர்ணயித்த சம்பளம் மட்டும் பெற்றார். இருந்தும் 1977இல் சார்லட் அப்சர்வர் நாளிதழ், அவரோடு தொடர்புடைய ஒரு நிதியத்தில் சுமார் 2.3 கோடி டாலர் இருப்பதையும் அது காணிக்கையாளர்களுக்கு அதுவரை சொல்லப்படாததையும் வெளியிட்டது. அந்தப் பணத்தில் யாரும் கை வைத்ததாக எவரும் நிறுவவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது மட்டுமே குற்றச்சாட்டு. கிரஹாமின் நிறுவனம் தணிக்கை செய்த கணக்கை வெளியிடத் தொடங்கியது. 1979இல் இசிஎஃப்ஏ உருவானபோது அதில் முன்னால் நின்றது. காணிக்கையாளர்கள் அவரை விட்டுப் போகவில்லை. கேள்வி வந்ததும் கதவைத் திறந்தவர் என்பதால் தப்பினார் என்றே நான் கருதுகிறேன்.

கதவைச் சாத்தியவர்கள் கதை வேறு. தொலைக்காட்சிப் போதகரான ஜிம் பேக்கர் தென் கரோலினாவில் ‘ஹெரிடேஜ் யுஎஸ்ஏ’ என்ற கிறிஸ்தவப் பொழுதுபோக்கு நகரத்தை எழுப்பியவர். 1000 டாலர் கொடுத்து ‘ஆயுள் பங்காளர்’ ஆனால் ஆண்டுக்கு மூன்று இரவு விடுதியில் இலவசமாகத் தங்கலாம் என்றார். இப்படி 15.8 கோடி டாலர் திரட்டினார். தங்க வருகிறவர்களுக்குப் போதுமான அறைகள் கட்டப்படவே இல்லை. 1987இல் தன் ஊழியத்தின் தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 1989இல் 24 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி 45 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். பின்னர் அது குறைக்கப்பட்டு 1994இல் வெளியே வந்தார். அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத தொலைக்காட்சி ஊழியங்களின் வருமானமும் அந்த ஆண்டுகளில் சரிந்தது. ஒரு போதகர் செய்த பிழைக்குப் பக்கத்து ஊர்ப் போதகரும் விலை கொடுக்கிறார். இது நியாயமா என்று கேட்டுப் பயனில்லை.

சென்னையில் 1946இல் பிறந்து, டெல்லியில் வளர்ந்து, கனடா போய், உலகறிந்த பேச்சாளரான ரவி சகரியாஸின் வரலாற்றில் இன்னொரு வகைச் சிக்கல் தெரிகிறது. 1984இல் அவர் தொடங்கிய நிறுவனத்துக்கு அவர் பெயரே பெயர். அந்தப் பெயருக்காகவே மக்கள் கொடுத்தார்கள். 2017இல் கனடாவைச் சேர்ந்த ஒரு பெண் அவர்மீது குற்றம் சாட்டியபோது நிறுவனம் அவர் பக்கமே நின்றது. விவகாரம் வெளியில் பேசாத ஒப்பந்தத்தில் முடிந்தது. அவர் 2020 மே மாதம் இறந்தார். சில மாதங்களில் அவர் பங்குதாரராக இருந்த மசாஜ் நிலையங்களில் வேலை செய்த பெண்களின் குற்றச்சாட்டுகள் வெளியாயின. நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் 2021 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கை, நீண்ட காலப் பாலியல் அத்துமீறலை உறுதி செய்தது. மனிதநேய உதவிக்கென்று வைத்திருந்த ஒரு நிதியிலிருந்து மசாஜ் பணியாளர்கள் சிலருக்குப் பணம் போயிருந்ததும் அதில் இருந்தது.

அதற்குப்பின் வந்த மன்னிப்புக் கடிதத்தில் இயக்குநர் குழுவினர் ஒருவர் பெயரும் இல்லை. யார் யார் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பதே வெளியில் சொல்லப்படாத செய்தி. அமெரிக்க வரித்துறையிடம் தன்னைச் சபை அமைப்பாகப் பதிவு செய்துகொண்டதால் ஆண்டு நிதி அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டிய கட்டாயமும் அந்த நிறுவனத்துக்கு இருக்கவில்லை. பல பத்தாண்டுகள் காணிக்கை கொடுத்த ஒருவர், கோபத்தோடு கடிதம் எழுத வேண்டுமென்றாலும் யாருக்கு எழுதுவது? எழுத ஆளில்லாதபோது மனிதர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். வங்கிக்குச் சொல்லி மாதக் காணிக்கையை நிறுத்தினார்கள். சிலர் வழக்கும் தொடுத்தார்கள். 2021 மார்ச்சில் பணியாளர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரைக் குறைக்கப்போவதாக நிறுவனம் அறிவித்தது. பிரிட்டனில் இருந்த கிளை உறவை முறித்துக்கொண்டு பெயரையும் மாற்றிக்கொண்டது.

இதுவரை சொன்னவற்றில் ஏதோ ஒன்று மறைக்கப்பட்டிருந்தது. எதையும் மறைக்காமல், பட்டப்பகலில் அறிவித்துவிட்டு காணிக்கையாளர்களை இழந்த நிறுவனமும் உண்டு. 2014 மார்ச் 24 அன்று, பிள்ளைகளைத் தாங்கும் கிறிஸ்தவ நிறுவனமான வேர்ல்ட் விஷனின் அமெரிக்கப் பிரிவு, சட்டப்படி ஒரே பாலினத் திருமணம் செய்துகொண்ட கிறிஸ்தவர்களையும் இனி வேலைக்கு எடுப்போம் என்றது. 26ஆம் தேதி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. இடையில் இரண்டு நாள். ஏறக்குறைய 10,000 பிள்ளைகள் தங்களைத் தாங்கியவர்களை இழந்ததாக அதன் தலைவர் ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ் பின்னர் சொன்னார். பின்வாங்கியதால் மனம் நொந்து மறுபக்கத்தில் விலகியவர்களும் இருந்தார்கள்.

மாதம் 35 டாலரில் ஆப்பிரிக்காவிலோ ஆசியாவிலோ ஒரு பிள்ளைக்குக் கிடைத்த சோறும் பள்ளிப் பையும் அந்த இரண்டு நாளில் ஒரு மணி அளவும் மாறவில்லை. மாறியது அமெரிக்க அலுவலகத்தின் வேலை நியமன விதி. காணிக்கை கொடுப்பவர் அந்தப் பிள்ளையோடு மட்டும் உறவு வைப்பதில்லை. எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்ற எண்ணத்தோடும் சேர்த்தே கொடுக்கிறார். நிறுவனம் அந்தக் கூட்டத்திலிருந்து நகர்ந்ததாகத் தோன்றிய கணத்தில் பிள்ளை கையை விட்டு நழுவிவிட்டது. கொள்கைக்காக விலகும் உரிமை யாருக்கும் உண்டு. ஆனால் சுவரில் படம் ஒட்டி, பெயர் சொல்லி ஜெபித்த பிள்ளையை இரண்டே நாளில் விட்டவர்களை நினைக்கும்போது, கொடுப்பவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர் என்ற கதையை என்னால் ஏற்க முடிவதில்லை.

செய்தித்தாளில் வருகிற விலகல்கள் இவை. வராதவை இவற்றைவிட அதிகம். பிரிட்டனில் நன்கொடை ஆய்வுகளுக்குப் பெயர்பெற்ற ஏட்ரியன் சார்ஜன்ட், கொடுப்பதை நிறுத்தியவர்களிடமே காரணம் கேட்டு 2001இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். அவர் ஆராய்ந்தது பொதுவான அறநிறுவனங்களை. கையில் பணமில்லை, வேறொரு காரியம் அவசரமாகத் தோன்றியது என்பவையே முன்னால் நின்ற விடைகள். இன்னொரு விடை நிறுவனங்களைச் சிந்திக்க வைக்க வேண்டியது: குறிப்பிடத்தக்க அளவினருக்குத் தாங்கள் அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுத்த நினைவே இல்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. கொடுத்ததற்கும் பிறகு நடந்ததற்கும் இடையில் நெஞ்சில் தங்கும்படி ஒன்றும் இல்லாததால் மறந்தார்கள்.

சாவும் முதுமையும் மிச்ச வேலையைச் செய்கின்றன. அமெரிக்காவில் ஏதாவதொரு சபையில் உறுப்பினராக இருப்போர் 1999இல் 70 விழுக்காடு. 2020இல் 47 விழுக்காடு என்கிறது கேலப் கணிப்பு. 1980களில் அமெரிக்கர்கள் கொடுத்த நன்கொடையில் பாதிக்கு மேல் மதம் சார்ந்த அமைப்புகளுக்குப் போனது. இப்போது ஏறத்தாழக் கால்பங்கு. தாய் மாதந்தோறும் அனுப்பிய காசோலை, அவர் இறந்தபின் மகன் கைக்கு வருவதில்லை. மகனுக்கு அந்த ஊழியக்காரரைத் தெரியாது. தாய்க்கு வந்த மாதப் பத்திரிகையை அவன் பிரித்ததே இல்லை.

கொடுக்க மனமிருந்தும் வழி அடைபட்டால் காணிக்கை நிற்கும் என்பதைச் சென்னை 2017இல் கண்டது. கம்பாஷன் இண்டர்நேஷனல் 1968 முதல் இந்தியாவில் பிள்ளைகளைத் தாங்கி வந்தது. அதன் பணத்தைப் பெற்ற இந்திய அமைப்புகளில் ஒன்றான கருணா பால் விகாஸ் சென்னையில் இயங்கியது. 2016இல் உள்துறை அமைச்சகம் கம்பாஷன் அனுப்பும் பணத்துக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. அனுமதி வரவில்லை. 2017 மார்ச்சில் 48 ஆண்டு வேலை முடிந்தது. ஏறக்குறைய 1,47,000 பிள்ளைகள் பதிவிலிருந்து நீங்கினார்கள். கொடுத்துவந்தவர்களிடம் வேறொரு நாட்டுப் பிள்ளையைத் தாங்குமாறு நிறுவனம் கேட்டுக்கொண்டது. மதமாற்றத்துக்குப் பணம் பயன்பட்டது என்பது அரசுத் தரப்பின் ஐயம். நிறுவனம் அதை மறுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வேர்ல்ட் விஷன் இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் 2024 ஜனவரியில் ரத்தானது.

வெளிநாட்டுக் காணிக்கையை நம்பாமல் ஊழியம் நடக்குமா என்ற கேள்விக்குத் திருநெல்வேலியில் நூறாண்டு கடந்த விடை ஒன்று இருக்கிறது. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தங்கள் கைப்பணத்தில் தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பியதைக் கண்டார். யாழ்ப்பாணத்தார் செய்வதை நெல்லையார் ஏன் செய்யக்கூடாது? 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டு சாமுவேல் பாக்கியநாதன் அன்றைய நிஜாம் ஆட்சிப் பகுதியான தோர்ணக்கலுக்குப் போனார். பிற்காலத்தில் வடமாநிலங்களுக்கு மிஷனெரிகளை அனுப்பிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழுவும் ஊர் ஊராக இருந்த ஜெபக்குழுக்களின் சிறு காணிக்கைகளில் வளர்ந்தது.

இத்தகைய அமைப்புகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, கொடுப்பவருக்கும் போகிறவருக்கும் இடையிலிருந்த தூரம் குறைவு என்பது. மிஷனெரி பக்கத்துச் சேகரத்துப் பிள்ளை. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் ஆராதனை முடிந்ததும் எழுந்து களத்துச் செய்தி சொல்லியாக வேண்டும். கேட்கிறவர்களில் அவருடைய சித்தப்பாவும் பள்ளி ஆசிரியரும் இருப்பார்கள். பணம் போன இடம் பற்றி வாசற்படியில் நின்று கேட்கலாம். இதை வைத்து நெல்லையில் காணிக்கைச் சிக்கலே இல்லை என்று சொன்னால் திருமண்டலத் தேர்தல்களையும் அவற்றைத் தொடர்ந்து வரும் நீதிமன்ற வழக்குகளையும் அறிந்தவர்கள் சிரிப்பார்கள். திருமண்டலச் சண்டையில் வெறுத்துப்போய், காணிக்கையைத் தனி ஊழியர்களுக்குத் திருப்பியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அப்படித் திருப்பியவர்கள் கேள்வி கேட்க முடிந்த இடத்தை விட்டு, கேள்வி கேட்கவே முடியாத இடத்துக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

தனி ஊழியங்களில் கணக்குக் கேட்டால் வருகிற பதில் நமக்குத் தெரிந்ததே. அபிஷேகம் பெற்றவரைக் குறை பேசலாமா என்பார்கள். கொடுப்பதை இரகசியமாகச் செய்ய வேண்டும் என்ற வேத போதனையையும் எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் போதனை கொடுப்பவருக்குச் சொல்லப்பட்டது. வாங்குகிறவர் கணக்கை இரகசியமாக வைக்க அதில் இடமில்லை. எருசலேமில் வறுமையிலிருந்த விசுவாசிகளுக்காகப் பவுல் அப்போஸ்தலன் சபைகளில் பணம் திரட்டியபோது, அதைத் தன் பொறுப்பில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆளும் அந்தப் பணத்தோடு கூட வரும்படி ஏற்பாடு செய்தார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பவுலைவிடப் பெரிய அபிஷேகம் பெற்றவர் யாரும் நம்மிடம் காணிக்கை கேட்டு வந்ததாகத் தெரியவில்லை.

வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளை, வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்தாக வேண்டும். ஆகவே ஓரளவு பெரிய ஊழியம் எதுவானாலும் அந்தத் தாள்கள் அலுவலகத்தில் இருக்கும். நீங்கள் மாதாமாதம் காணிக்கை அனுப்புகிறவரானால், கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கையையும் அறங்காவலர்களின் பெயர்ப் பட்டியலையும் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அலுவலகச் செலவு எவ்வளவு என்று அதில் எழுதியிருந்தால் அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள், தொடர்ந்து கொடுங்கள். தாள்களுக்குப் பதிலாக வசனம் வந்தால் அடுத்த மாதக் காணிக்கையை வேறு இடத்துக்கு அனுப்புங்கள். ஏன் அனுப்பவில்லை என்பதையும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.